வால்வை மூடினாலும் கொஞ்சம் ஒழுகும்... அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு? குமிழிகளை எண்ணும் ஒரு வேலையின் கதை

போன மாதம் எங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா பையன் ஒரு வீடியோ போட்டார். ஒரு கண்ணாடி டம்ளர், அதில் பாதி தண்ணீர், தண்ணீருக்குள் லேசாக நுனி மூழ்கியபடி ஒரு மெல்லிய குழாய். அவ்வளவுதான். 20 விநாடி கழித்து ஒரு குமிழி. பின்னணியில் யாரோ ‘ஒண்ணு’ என்கிறார். மறுபடி நிசப்தம். அப்புறம் ‘ரெண்டு’.

அண்ணன் கோவைப் பக்கம் வால்வு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறார். “என்னண்ணா இது, மீன் தொட்டியா?” என்று கேட்டேன். “ரெண்டு இன்ச் வால்வு. நிமிஷத்துக்கு மூணு குமிழி வரைக்கும் பாஸ். நாலு வந்தா திரும்பக் கழட்டணும்” என்று பதில் வந்தது.

மீடியா ஸ்டடீஸ் படித்த எனக்கு இது ஆச்சர்யமாக இருந்தது. வால்வு என்றால் மூடணும். மூடினால் ஒழுகக் கூடாது. இதில் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே என்ன பஞ்சாயத்து? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அமெரிக்காவின் ஓர் அணு உலை விபத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அதற்கு வருவோம். முதலில் அடிப்படை.

வால்வுக்குள் ‘சீட்’ எங்கே இருக்கிறது?

வீட்டுக் குழாயைத் திருகி மூடும்போது உள்ளே ஒரு வாஷர் போய் ஒரு வட்டமான விளிம்பில் உட்காரும். அந்த விளிம்புதான் சீட். தொழிற்சாலை வால்வும் இதேதான், சைஸும் விலையும்தான் வேறு. பிளக், பந்து, தட்டு என ஏதோ ஒன்று அசைந்து வந்து சீட் ரிங்கில் அழுந்தும். இரண்டும் சரியாகப் பொருந்தினால் ஓட்டம் நிற்கும்.

பிரச்னை என்னவென்றால், எவ்வளவு பாலிஷ் போட்டாலும் உலோகப் பரப்பு முழுச் சமதளமாக இருக்காது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். இரண்டு மலைத்தொடர்களை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து வைத்தால் நடுவே சந்து இருக்கும் இல்லையா, அந்தச் சந்து வழியாக நீரும் வாயுவும் நழுவும். பைக் இன்ஜின் வால்வுக்கு மெக்கானிக்குகள் பேஸ்ட் போட்டுத் தேய்த்து ‘லேப்பிங்’ பண்ணுவதைப் பார்த்திருக்கலாம். இங்கும் அதே வேலை நடக்கிறது. சந்து சின்னதாகும், ஆனால் மாயமாகாது.

இப்படி மூடிய வால்வுக்குள் சீட்டைத் தாண்டி மறுபக்கம் போகும் கசிவுக்குப் பெயர் ‘சீட் லீக்கேஜ்’. வெளியே காற்றில் கலக்கும் கசிவு வேறு. அது ஸ்டெம் வழியாக, பேக்கிங் வழியாக வரும். அதைக் கண்ணால் பார்க்கலாம், சில சமயம் மூக்கால் கண்டுபிடிக்கலாம். சீட் லீக்கேஜ் பைப்புக்குள்ளேயே நடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வால்வு சமர்த்தாக மூடியிருப்பது போலத்தான் தெரியும். ஆபத்தே அதில்தான்.

ஆறு வகுப்புகள்

கன்ட்ரோல் வால்வுகளுக்கு உலகம் முழுக்கப் புழங்கும் விதி ஏஎன்எஸ்ஐ/எஃப்சிஐ 70-2. அமெரிக்காவின் ஃப்ளூயிட் கன்ட்ரோல்ஸ் இன்ஸ்டிட்யூட் உருவாக்கியது. இதற்கு இணையான சர்வதேச விதி ஐஇசி 60534-4. இரண்டும் கசிவை ஆறு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. ரோமன் எண்களில் எழுதுவார்கள், நாம் வசதிக்கு 1, 2 என்றே வைத்துக்கொள்வோம்.

கிளாஸ் 1-க்கு டெஸ்டே கட்டாயமில்லை, வாங்குபவரும் விற்பவரும் பேசி முடித்துக்கொள்ளலாம். கிளாஸ் 2 என்றால் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது எவ்வளவு போகுமோ அதில் 0.5 சதவிகிதம் வரை மூடியபோதும் கசியலாம். கிளாஸ் 3-ல் அது 0.1 சதவிகிதம், கிளாஸ் 4-ல் 0.01 சதவிகிதம்.

சதவிகிதமாகக் கேட்டால் ஒன்றும் உறைக்காது. ஒரு கணக்குப் போடுவோம். டெஸ்ட் நிலையில் முழுதாகத் திறந்தால் மணிக்கு ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் கடத்தும் வால்வு என்று வையுங்கள். அப்படியொன்றும் பூதம் இல்லை, ஒரு நல்ல இரண்டு இன்ச் வால்வே இதைச் செய்யும். கிளாஸ் 2 என்றால் ‘மூடிய’ நிலையில் மணிக்கு 500 லிட்டர் ஒழுகலாம். மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்க்கில் பாதி! கிளாஸ் 4 என்றால் மணிக்கு 10 லிட்டர். அதாவது நிமிடத்துக்கு ஒரு ஃபில்டர் காபி டம்ளர் அளவு. இது ரொம்பச் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளப்படும் வகுப்பு.

“இவ்வளவு ஒழுகினால் அது எப்படி வால்வு?” என்று நான் கேட்டேன். நீங்களும் கேட்பீர்கள். கன்ட்ரோல் வால்வின் வேலை மூடுவது இல்லை, அளந்து விடுவது. கேஸ் அடுப்பில் சிம்மில் வைப்பதற்கு ஒரு குமிழ், சிலிண்டரையே அடைப்பதற்கு ரெகுலேட்டர். அந்தக் குமிழ்தான் கன்ட்ரோல் வால்வு. நிஜமாக அடைப்பதற்குப் பக்கத்தில் தனியாக ஷட்-ஆஃப் வால்வு இருக்கும்.

சில டிசைன்களால் இறுக்கமாக மூடவே முடியாது என்பதும் உண்மை. ‘டபுள் சீட்’ என்று ஒரு வகை. ஒரே ஸ்டெம்மில் இரண்டு பிளக், இரண்டு சீட். மேலும் கீழும் அழுத்தம் சமன் ஆவதால் சின்ன ஆக்சுவேட்டரே அசைத்துவிடும், அது லாபம். ஆனால் சூட்டில் பாடியும் பிளக்கும் ஒரே அளவு விரியாது. ஒரு பிளக் உட்காரும்போது இன்னொன்று மயிரிழை தூக்கியே நிற்கும். அதனால்தான் இந்த வகைக்குப் பெரும்பாலும் கிளாஸ் 2, கிளாஸ் 3 என்று போட்டிருப்பார்கள்.

ட்விஸ்ட்: 5-ஐவிட 6 பெரிசா?

கிளாஸ் 5 வந்ததும் சதவிகிதக் கணக்கு போய்விடும். இங்கே ஃபார்முலாவே வேறு. சீட் துளையின் ஒவ்வொரு இன்ச் விட்டத்துக்கும், ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்த வித்தியாசத்துக்கும், நிமிடத்துக்கு 0.0005 மில்லி தண்ணீர். நம் இரண்டு இன்ச் வால்வை 100 பிஎஸ்ஐயில் வைத்தால் நிமிடத்துக்கு 0.1 மில்லி, மணிக்கு 6 மில்லி. கிளாஸ் 4-ல் மணிக்கு 10 லிட்டர் என்று பார்த்தோம். ஒரு படி ஏறியதும் ஆயிரம் மடங்குக்கும் மேல் இறுக்கம்.

கிளாஸ் 6-தான் அண்ணன் அனுப்பிய வீடியோ. தண்ணீருக்குப் பதில் காற்று அல்லது நைட்ரஜன். அனுமதி எவ்வளவு என்பது சைஸைப் பொறுத்தது: ஒரு இன்ச்சுக்கு நிமிடத்துக்கு 0.15 மில்லி, இரண்டு இன்ச்சுக்கு 0.45, நான்கு இன்ச்சுக்கு 1.7, எட்டு இன்ச்சுக்கு 6.75. இதையே குமிழியாகச் சொன்னால் 1, 3, 11, 45. குமிழியின் சைஸ் ஆளுக்கு ஆள் மாறக் கூடாது என்பதற்காக அந்தக் குழாயின் வெளிவிட்டம் கால் இன்ச், நுனி நேராக, பிசிறில்லாமல் வெட்டியிருக்க வேண்டும், தண்ணீருக்குள் எட்டில் ஒரு பங்கு முதல் கால் இன்ச் வரைதான் மூழ்க வேண்டும் என்றுகூட எழுதிவைத்திருக்கிறார்கள். குமிழிக்கே இவ்வளவு கவனிப்பு.

இப்போது நீங்கள் ‘ஆறுதான் பெஸ்ட், அதையே வாங்கிவிடலாம்’ என்று நினைத்தால், வாங்குபவர்கள் வழக்கமாக விழும் குழியில் நீங்களும் விழுந்துவிட்டீர்கள். 1 முதல் 6 வரை ஒரே ஏணி மாதிரி தெரிகிறது. ஆனால் கிளாஸ் 6 டெஸ்டில் கொடுக்கும் அழுத்தம் 50 பிஎஸ்ஐ, அல்லது வால்வு தாங்க வேண்டிய அதிகபட்ச அழுத்த வித்தியாசம், இரண்டில் எது குறைவோ அது. 50 பிஎஸ்ஐ என்பது கார் டயருக்கு நாம் அடிக்கும் 32-33 பிஎஸ்ஐயைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கிளாஸ் 5-ஐ வழக்கமாக வால்வு வேலை பார்க்கப்போகும் முழு அழுத்த வித்தியாசத்திலேயே தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். ஆயிரம் பிஎஸ்ஐ என்றால் ஆயிரம்.

அதாவது கிளாஸ் 6 வாங்கிய வால்வு டயர் காற்று அழுத்தத்தில் தேர்வு எழுதியது. கிளாஸ் 5 வால்வு நிஜ மைதானத்தில் ஓடிக் காட்டியது. இரண்டையும் ஒரே வரிசையில் நிற்கவைத்து மார்க் ஒப்பிடுவது சரியில்லை. அடுத்தடுத்த எண் கொடுத்தவர்கள்மீது எனக்குக் கொஞ்சம் கோபமே இருக்கிறது.

கிளாஸ் 6 என்றாலே பெரும்பாலும் சாஃப்ட் சீட், அதாவது டெஃப்லான் மாதிரி மிருதுவான பொருள். மேடு பள்ளங்களில் அது வழிந்து போய் அடைத்துக்கொள்ளும். ஆனால் கொதிக்கும் உயரழுத்த நீராவியில் டெஃப்லான் தாக்குப்பிடிக்காது. அங்கே உலோக சீட்தான். உலோகத்தை உலோகத்தோடு கிளாஸ் 5 அளவுக்கு இறுக்க வேண்டுமென்றால் பெரிய விசை, பெரிய ஆக்சுவேட்டர், பெரிய பில்.

‘ஜீரோ’ என்றால் ஜீரோவா?

ஷட்-ஆஃப் வால்வுகளுக்கு வேறு விதிகள். எண்ணெய் சுத்திகரிப்பு உலகில் அதிகம் கேட்கும் பெயர் ஏபிஐ 598. சாஃப்ட் சீட் என்றால் கசிவு பூஜ்யம். உலோக சீட் கொண்ட கேட், குளோப் வால்வுகளில் இரண்டு இன்ச் வரை பூஜ்யம். இரண்டரை முதல் ஆறு இன்ச் வரை தண்ணீரில் நிமிடத்துக்கு 12 சொட்டு, வாயுவில் 24 குமிழி. எட்டு முதல் 12 இன்ச் வரை 20 சொட்டு, 40 குமிழி.

ஒரே இரண்டு இன்ச் சைஸ். கன்ட்ரோல் வால்வாக இருந்தால் மணிக்கு 10 லிட்டர் ஒழுகினாலும் கிளாஸ் 4 பாஸ். ஷட்-ஆஃப் வால்வாக இருந்தால் ஒரு சொட்டு விழுந்தால் ஃபெயில். வேலை வேறு என்பதால் விதி வேறு.

ஆனால் அந்தப் பூஜ்யத்துக்கும் ஒரு ‘கண்டிஷன்ஸ் அப்ளை’ உண்டு. இரண்டு இன்ச் வரையிலான வால்வுக்கு சீட் டெஸ்டின் குறைந்தபட்ச நேரம் 15 விநாடி. அந்த நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரிந்து எதுவும் ஒழுகவில்லை என்றால் அது ‘ஜீரோ’. 16-வது விநாடியைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை.

ஐஎஸ்ஓ 5208 என்று இன்னொன்று இருக்கிறது. அது எண் தராமல் எழுத்து தருகிறது: ஏ, பி, சி, டி என்று நீள்கிறது. இதில் ‘ஏ’தான் மிக இறுக்கமானது, டெஸ்ட் நேரம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும் கசிவு இருக்கக் கூடாது. எழுத்து ஏற ஏறத் தளர்வு. எஃப்சிஐயில் எண் ஏற ஏற இறுக்கம், இங்கே நேர் எதிர். பர்ச்சேஸ் ஆர்டரில் எந்த விதி என்று குறிப்பிடாமல் வெறுமனே ‘டைட் ஷட்-ஆஃப்’ என்று எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வாங்குபவர் மனதில் ஜீரோ, விற்பவர் மனதில் கிளாஸ் 4.

பழகிப்போன ஒரு கசிவு

சரி, அந்த அணு உலைக்கு வருவோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணம், ஹாரிஸ்பர்க் அருகே த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம், இரண்டாவது அலகு. 1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி.

நீராவி உற்பத்திக்குத் தண்ணீர் அனுப்பும் பம்புகள் நின்றன. உலைச் சுற்றில் அழுத்தம் ஏறியது. அழுத்தம் கூடினால் தானாகத் திறந்து, குறைந்ததும் தானாக மூட வேண்டிய ரிலீஃப் வால்வு ஒன்று மேலே இருந்தது. அது சொன்னபடி திறந்தது. ஆனால் மூடவில்லை, திறந்தபடியே மாட்டிக்கொண்டது. உலையைக் குளிர்விக்க வேண்டிய தண்ணீர் அதன் வழியாக வெளியேறத் தொடங்கியது.

கன்ட்ரோல் ரூமில் ஒரு விளக்கு அணைந்தது. ‘வால்வு மூடிவிட்டது’ என்று ஆபரேட்டர்கள் புரிந்துகொண்டார்கள். உண்மையில் அந்த விளக்கு காட்டியது, வால்வுக்கு ‘மூடு’ என்ற மின் சிக்னல் போய்விட்டது என்பதை மட்டும்தான். வால்வு கீழ்ப்படிந்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

இதுவரை பலரும் கேள்விப்பட்ட கதைதான். அதிகம் பேசப்படாத துண்டு அடுத்து வருகிறது. வால்வு திறந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க இன்னொரு வழியும் இருந்தது. வால்வைத் தாண்டி வெளியேறும் குழாயில் வெப்பநிலை மீட்டர். வால்வு மூடியிருந்தால் குழாய் ஆறியிருக்கும், திறந்திருந்தால் கொதிக்கும். அன்று அந்த மீட்டர் அதிக சூட்டைக் காட்டத்தான் செய்தது. ஆபரேட்டர்கள் பார்க்கவும் செய்தார்கள். ஆனாலும் கண்டுகொள்ளவில்லை.

ஏன்? விபத்துக்கு முன்பிருந்தே அந்தப் பகுதி வால்வுகளில் சீட் வழியாகக் கசிவு இருந்தது. அதனால் அந்தக் குழாய் எப்போதுமே சூடாகத்தான் இருக்கும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் முன்னால் இருக்கும் பிளாக் வால்வை மூட வேண்டும் என்று நடைமுறை விதியும் இருந்தது. அது பின்பற்றப்படவில்லை, அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் நிஜமாகவே வால்வு திறந்துகிடந்த அன்று, ‘அது எப்பவும் சூடாத்தானே இருக்கும்’ என்ற பழக்கம் முந்திக்கொண்டது.

இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் பிளாக் வால்வை மூடினார்கள். அதற்குள் குளிர்விப்பு நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போயிருந்தது. உலையின் எரிபொருள் மையத்தில் ஏறத்தாழ பாதி உருகியது. அமெரிக்க வணிக அணுமின் வரலாற்றின் மிக மோசமான விபத்து இன்றுவரை இதுதான்.

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உலையை உருகவைத்தது சீட் லீக்கேஜ் இல்லை. திறந்தபடி மாட்டிக்கொண்ட வால்வும், தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட விளக்கும், பயிற்சிக் குறைபாடும் சேர்ந்து செய்த வேலை அது. சீட் லீக்கேஜ் செய்தது வேறு: பெரிய ஓட்டையைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய ஒரு மீட்டரை நம்ப முடியாததாக்கி வைத்திருந்தது. அந்தச் சின்னக் கசிவை வெறும் தண்ணீர் நஷ்டமாக மட்டும் பார்த்தால் இந்தக் கோணம் தெரியாது.

மூடிய வால்வை நம்பி உள்ளே கைவைக்கலாமா?

கூடாது என்பதுதான் தொழிற்சாலைகளின் பதில். பைப்பைப் பிரித்து வேலை பார்க்க வேண்டுமென்றால், இரண்டு வால்வுகளை மூடி, நடுவே இருக்கும் சிறு வால்வைத் திறந்து வைப்பார்கள். முதல் வால்வு ஒழுகினாலும் அந்தக் கசிவு நடுவழியிலேயே வெளியேறிவிடும், அடுத்த வால்வை அழுத்தாது. இதற்கு ‘டபுள் பிளாக் அண்ட் பிளீட்’ என்று பெயர். இன்னும் ஆபத்தான இடம் என்றால் வால்வையே நம்பாமல், பைப் இணைப்பில் ஒரு முழு இரும்புத் தகட்டைச் செருகிவிடுவார்கள். தகட்டுக்கு சீட் கிடையாது, கசிவு வகுப்பும் கிடையாது.

1984 டிசம்பர் 2-3 இரவு போபாலில் மெத்தில் ஐசோசயனேட் டேங்க்குக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்பதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம் இதைத் தொட்டுத்தான் போகிறது. பைப்புகளைத் தண்ணீர் விட்டுக் கழுவும்போது தடுப்புத் தகடு செருகப்படவில்லை, தண்ணீர் ஒழுகும் வால்வுகளைத் தாண்டி டேங்க் வரை போய்விட்டது என்பது அந்த விளக்கம். யூனியன் கார்பைடு நிறுவனம் இதை ஏற்கவில்லை, சதி என்றது. அந்த விவாதம் தனிக் கட்டுரைக்கானது. ஆனால் மூடிய வால்வு என்பது முழுத் தடுப்பு இல்லை என்பதில் இன்றைக்கு எந்த சேஃப்டி ஆபீஸருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது.

சர்ட்டிஃபிகேட் எத்தனை நாளைக்கு?

கிளாஸ் 5, கிளாஸ் 6 என்றெல்லாம் சர்ட்டிஃபிகேட்டில் இருப்பது புது வால்வுக்கு, ஃபேக்டரியில், சாதாரண வெப்பநிலையில், சுத்தமான தண்ணீரிலோ காற்றிலோ கிடைத்த மார்க். அதைவைத்து வேறு நிலைமைகளில் எவ்வளவு கசியும் என்று கணிக்கக் கூடாது என்பதை அந்த விதியே சொல்கிறது.

நிஜ வாழ்க்கையில் வால்வு மணல் துகள், வெல்டிங் பிசிறு, துரு எல்லாவற்றையும் சந்திக்கும். உயரழுத்த நீராவியில் ஒரு மெல்லிய கீறல் போதும். அதன் வழியாகப் பாயும் நீராவி கத்தி மாதிரி சீட்டை அறுத்துக்கொண்டே போகும். இதற்குத் தொழிலில் ‘வயர் டிராயிங்’ என்று பெயர், சீட்டில் கம்பி இழுத்த மாதிரி கோடு விழுவதால். கோடு விழ விழக் கசிவு கூடும், கசிவு கூடக் கூடக் கோடு ஆழமாகும். அனல்மின் நிலையத்தில் பாய்லர் ஃபீட் பம்பின் ரீசர்குலேஷன் வால்வுக்கு கிளாஸ் 5 கேட்பது இதனால்தான். அது பெரும்பாலான நேரம் மூடியே இருக்கும், ஆனால் மறுபக்கம் முழு பம்ப் அழுத்தமும் முட்டிக்கொண்டிருக்கும். பம்ப் செலவழித்த மின்சாரம் அந்தக் கோடு வழியாக வீணாகப் போகும்.

வாயு என்றால் கணக்கு இன்னும் மாறும். ரிலீஃப் வால்வின் மறுபக்கம் ஃபிளேர் லைனுக்கோ நேராக வானத்துக்கோ போகிறது என்றால், ‘உள்’ கசிவும் கடைசியில் வெளிக் கசிவுதான். அது மீத்தேனாக இருந்தால், 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு வெப்பமூட்டும் வாயு.

ஓடிக்கொண்டிருக்கும் பிளான்ட்டில் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? சந்து வழியாக அழுத்தத்தில் பாயும் வாயு நம் காதுக்கு எட்டாத அல்ட்ராசானிக் ஒலி எழுப்பும். பைப்பின்மேல் சென்சாரை வைத்து, ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்பார்கள். நீராவி லைனில் மறுபக்கப் பைப்பின் சூட்டை அளப்பார்கள். த்ரீ மைல் ஐலண்டில் இருந்த அதே டெக்னிக்.

கட்டுரை முடிக்கும் நேரத்தில் அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன். அந்த வீடியோ வால்வு என்ன ஆச்சு?

வீடியோ கட் ஆன பிறகு நாலாவது குமிழி வந்துவிட்டதாம். கழற்றிப் பார்த்ததில், டெஃப்லான் ரிங்கில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஓர் இரும்புப் பிசிறு பதிந்திருந்தது. ரிங்கை மாற்றி மறுபடி பூட்டி, காற்று நிலையாகும் வரை காத்திருந்து எண்ணியிருக்கிறார்கள். இந்த முறை ஒரு நிமிடத்துக்கு ஒரே ஒரு குமிழி. அன்று சாயங்காலமே பெயின்ட் அடித்துப் பெட்டியில் போட்டாகிவிட்டது.